டோஜோ சுவரில் யார் பெயர் இருக்க வேண்டும்? மறைந்துபோன நம் ஆட்களை நினைவுகூர்வது பற்றி

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கராத்தே வகுப்புக்கு இது முப்பதாவது ஆண்டு. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு பையன்களோடு தொடங்கியது, இப்போது வாடகைக் கட்டடம் ஒன்றின் மாடியில் நடக்கிறது. ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடிப் பேசினோம். ஓர் இடத்தில் பேச்சு நகரவே இல்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

நாங்கள் ஷிட்டோ ரியூ என்ற கராத்தே பாணி. எங்கள் டோஜோவின், அதாவது பயிற்சிக் கூடத்தின், முன்சுவரில் அந்தப் பாணியை நிறுவிய மபுனி கென்வாவின் படம் மட்டும் இருக்கிறது. எங்கள் மாஸ்டர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் படத்தை அதன் பக்கத்தில் மாட்டுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் எங்களை விட்டுப் போனவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

ஒருவன் என் ஜோடி. பத்து வருடம் குமிதேயில், அதாவது மோதல் பயிற்சியில், எனக்கு எதிரே நின்றவன். பிரவுன் பெல்ட்டிலிருந்து பிளாக் பெல்ட்டுக்குப் போகும் கிரேடிங் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தஞ்சாவூர் சாலையில் பைக் விபத்தில் போய்விட்டான். வயது 24. இன்னொருவர் ஓர் அக்கா. இரண்டு பிள்ளைகளையும் வகுப்பில் விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், 41 வயதில் தானும் வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். பச்சை பெல்ட் வரை வந்தார். மார்பகப் புற்றுநோய். சிகிச்சையில் முடி கொட்டிய பிறகும் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து பினான் கட்டா (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) செய்தார். அந்த மாலை வேளைகளில் எங்கள் மாடியில் ஒருவரும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம்.

மாஸ்டர் படத்தோடு இந்த இருவர் பெயரும் சுவரில் இருக்க வேண்டும் என்றேன். பாதிப் பேர் சரி என்றார்கள். மற்றவர்கள், "முன்சுவர் குருமார்களுக்கு உரியது, எல்லாரையும் ஏற்றினால் அதற்கு மதிப்பு போய்விடும்" என்றார்கள். உங்கள் டோஜோக்களில் என்ன வழக்கம்?

மதுரை சான்டான்

உங்கள் துக்கம் புரிகிறது, தம்பி. ஆனாலும் அந்த மற்றவர்கள் பக்கம்தான் நான். வகுப்பு தொடங்கும்போது "ஷோமென் நி ரேய்" என்று முன்சுவரை நோக்கி வணங்குகிறோம். நமக்கு இந்தக் கலை எந்த வழியாக வந்தது என்பதை நினைத்துச் செய்யும் வணக்கம் அது. மபுனியிடமிருந்து அவர் மாணவருக்கு, அவரிடமிருந்து உங்கள் மாஸ்டருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு. உங்கள் நண்பர் அந்த வழியில் உங்களோடு நடந்தவர். வழியைக் கொடுத்தவர் அல்லர். இருவரையும் ஒரே இடத்தில் வைத்தால் புதிதாக வரும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாமல் போகும்.

நண்பருக்காக வேறு ஏதாவது செய்யுங்கள். அவர் பெயரில் ஒரு கோப்பை, ஒரு போட்டி.

பழைய மாணவி

மதுரை அண்ணாவுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்கிறேன்.

கோப்பை யாருக்குப் போகும்? போட்டியில் ஜெயிக்கிறவனுக்கு. அந்த அக்கா ஒரு போட்டியிலும் கலந்துகொண்டிருக்க மாட்டார். அவரை நினைப்பதற்குக் கோப்பை எப்படி ஆகும்?

நீங்கள் இருவரும் ஷிட்டோ ரியூக்காரர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்தப் பெயரே ஒரு நினைவுக்கல். மபுனிக்கு ஆசிரியர்கள் இருவர்: ஓக்கினாவாத் தீவின் ஷூரி ஊரைச் சேர்ந்த இதோசு அன்கோ, நாஹா ஊரைச் சேர்ந்த ஹிகாவோன்னா கான்ரியோ. இருவரும் 1915 இல் இறந்தார்கள். இதோசு என்ற பெயரின் முதல் ஜப்பானிய எழுத்தை "ஷி" என்றும், ஹிகாவோன்னாவின் முதல் எழுத்தை "தோ" என்றும் வாசிக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் மபுனி தன் பாணிக்குப் பெயர் வைத்தார். தன் பெயரை அதில் வைத்துக்கொள்ளவில்லை. இதோசு இறந்த பிறகு ஒரு வருடம் மபுனி அவருடைய கல்லறைக்கு முன்னால் நாள்தோறும் கட்டா செய்தார் என்று ஷிட்டோ ரியூ வரலாற்றில் சொல்லிவருகிறார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. ஏறக்குறைய காவிரிக்கரையின் நண்பர் வயதுதான்.

அந்த அக்கா துணி கட்டிய தலையோடு செய்தாரே பினான், அதை இதோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தார். ஆக அவர் அந்த வழிக்கு வெளியே நின்றவர் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெரியவர்களை ஊரே நினைத்துக்கொள்ளும். 2025 மார்ச் 25 அன்று கராத்தே ஆசான் ஷிஹான் ஹுசைனி மறைந்தபோது செய்தித்தாள்கள் எழுதின, தலைவர்கள் இரங்கல் சொன்னார்கள். அது அவருக்குத் தகும். பச்சை பெல்ட் அக்காவுக்கு எந்தச் செய்தித்தாள் எழுதும்? அவருக்கு இருப்பது அந்த மாடி ஒன்றுதான்.

யோகோஹாமாவாசி

நான் ஜப்பானில் வேலை பார்க்கிறேன். இந்த விஷயத்துக்காகவே மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறேன். கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது காமாகுராவில் உள்ள எங்காகுஜி கோவில். ஷோட்டோகான் பாணியின் ஆசான் ஃபுனகோஷி கிச்சினின் நூறாவது பிறந்த ஆண்டான 1968 இல் அங்கே அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். "கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை" என்ற அவருடைய வாக்கு அதில் இருக்கிறது. பெரிய மரங்களின் நிழலில் இருக்கிறது. நான் போன அன்று ஒரு முதியவர் அதற்கு எதிரே வெகுநேரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது ஓக்கினாவாவின் நாஹா நகரத்து மாட்சுயாமா பூங்கா. அங்கே 1987 இல் எழுப்பிய கல், ஹிகாவோன்னா கான்ரியோவையும் அவர் மாணவர் மியாகி சோஜுனையும் சேர்த்துச் சிறப்பிக்கிறது. மதுரை நண்பர் சொல்லும் "வழி" என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

அந்தக் கல்லுக்கு எதிரே நின்றபோது எனக்கு மூன்றாவதாக ஒருவர் ஞாபகம் வந்தார். மியாகியின் மாணவர் ஷின்சாதோ ஜினான். 1930 இல் தோக்கியோவில் கட்டா செய்துகாட்டியபோது "உங்கள் பாணியின் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். அதுவரை பெயர் என்று ஒன்று கிடையாது. அந்த நேரத்துக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து, ஊர் திரும்பி ஆசிரியரிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் மியாகி, கோஜூ ரியூ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். மியாகிக்குப் பின் ஷின்சாதோதான் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர் 1945 இல் ஓக்கினாவா போரில் இறந்துபோனார். மியாகி போருக்குப் பின் எட்டு ஆண்டுகள் இருந்து 1953 இல் காலமானார். உலகத்தில் கோஜூ ரியூ செய்யும் இத்தனை பேரில் ஷின்சாதோவின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தேன்.

மூன்றாவது இடம் அதே தீவின் தெற்கு முனை. குன்றின் பெயர் மபுனி. மபுனி கென்வாவின் குடும்பப் பெயரும் அதே எழுத்துகள்தான். போர் முடிந்த இடம் அது. 1995 இல் அங்கே அமைதியின் அடிக்கல் என்ற நினைவிடத்தைத் திறந்தார்கள். கடலைப் பார்த்து வரிசை வரிசையாகக் கருங்கல் சுவர்கள், 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஓக்கினாவாக்காரர்கள், ஜப்பானியச் சிப்பாய்கள், அமெரிக்கச் சிப்பாய்கள், கொரியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சில இடங்களில் பெயருக்குப் பதிலாக "இன்னாருடைய குழந்தை" என்று பொறித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத குழந்தைக்கும் கல்லில் இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் விரலால் ஓர் எழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

காவிரிக்கரை, நீங்கள் வணங்குகிற படத்துக்காரரின் பெயரைத் தாங்கிய குன்றிலேயே இப்படி இருக்கிறது. பெயர்களை எழுதுங்கள்.

கல்வெட்டுப் பிரியன்

ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

செங்கம் பகுதியில் நடுகற்கள் நிறைய. மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லி, எந்தப் பூசலில், எதை மீட்டபோது, யார் விழுந்தான் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் கல்லில் இருப்பவன் மன்னன் இல்லை, ஆநிரை மீட்கப் போன ஊர்க்காரன். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 வருடமாகிறது. அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

நாய்க்கும் பெயர் எழுதிய நாட்டில் ஒரு பிரவுன் பெல்ட் பையனின் பெயரை எழுதத் தயங்குகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

நாகூர் காற்று

எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். மரியாதைக்காகத் தலை தாழ்த்துவதை நான் அவர்களுக்கு விளக்கிவிட முடியும், எதிரே நிற்கும் கூட்டாளிக்கும்தான் தலை தாழ்த்துகிறோம். ஆனால் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, அதை நோக்கி வணங்கச் சொன்னால் அந்தப் பிள்ளையின் வீட்டில் கேள்வி வரும். சில கிறித்தவக் குடும்பங்களிலும் வரும். அப்புறம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வராது. இறந்தவரை நினைக்கப் போய் இருக்கிறவரை இழந்துவிடக் கூடாது.

என் மாஸ்டர் இந்து. அவர் போய் ஒன்பது வருடம். படத்துக்கு நான் மாலை போட்டதில்லை. அவரை மறந்தவனும் இல்லை. ஒவ்வொரு வருடமும் கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளையை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். பெயரேட்டில் அந்தப் பிள்ளையின் வரிசையில் கட்டணம் கட்டியவர் என்ற இடத்தில் மாஸ்டரின் பெயரை எழுதுகிறேன். இந்த வருடப் பையனின் அப்பா மீன்பிடித் தொழிலாளி. "யார் சார் இவர், எனக்குப் பணம் கட்டுகிறவர்?" என்று பையன் கேட்டான். அரை மணி நேரம் அவரைப் பற்றிச் சொன்னேன்.

பெயர்ப் பலகை வையுங்கள், முன்சுவரில் வேண்டாம், பக்கச் சுவரில் வையுங்கள். வணங்குவதற்கு இல்லை, வாசிப்பதற்கு.

மதுரை சான்டான்

நாகூர் பாய் சொன்னது என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. பக்கச் சுவர் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. முன்சுவரை மாஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய மாணவி சொன்ன கல்லறைச் செய்தியை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் மாஸ்டர் அதைச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் வரிசை

இறந்துபோன நண்பருக்குப் பிளாக் பெல்ட் கொடுத்துவிடலாமே? மூன்று வாரம்தானே பாக்கி? வெளிநாட்டுச் சங்கங்கள் சிலவற்றில், மறைந்தபின் டான், அதாவது பிளாக் பெல்ட் தரநிலை, கொடுப்பது வழக்கம்.

காவிரிக்கரை

அதையும் பேசினோம். எனக்கு ஆசைதான். அவன் அம்மாவைக் கேட்காமல் செய்ய மாட்டேன். அவரைப் பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. விபத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன்.

தாமிரபரணி செவிலி

போங்கள் தம்பி. அம்மாக்கள் காத்திருப்பார்கள்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுங்கள். மே மாதம், மாலை வகுப்பு, காற்றே இல்லாத கூடம். 52 வயதுக்காரர் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் "மாமா", கிஹோன் என்ற அடிப்படைப் பயிற்சியின் நடுவில் அப்படியே சாய்ந்தார். அன்று நான் பணியில் இருந்தேன், வகுப்பில் இல்லை. இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், ஆட்டோ தேடி ஓடினார்கள். இருபது பேர் இருந்தார்கள். அடிக்கவும் தடுக்கவும் தெரிந்த இருபது பேருக்கு நின்ற இதயத்தை அழுத்தத் தெரியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யாரும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை.

மாமாவின் நினைவு நாளில் நாங்கள் கூட்டம் போடுவதில்லை. அன்று வகுப்பு முழுக்க நெஞ்சு அழுத்தப் பயிற்சி. ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும், ஒருவர் உடனே தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில் கையை வைத்து, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள். குத்துக்கு எண்ணுவது போலவே பிள்ளைகள் "இச், நி, சான்" என்று உரக்க எண்ணுகிறார்கள். போன வருடம் அவருடைய மகள் வந்து, வரிசையில் நின்று தானும் கற்றுக்கொண்டார். எதுவும் பேசவில்லை. முடிந்ததும் எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

கோல்காரன்

சுவரைப் பற்றியே பேசுகிறோம். கட்டாவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? நான் கோபுடோ, அதாவது ஓக்கினாவா ஆயுதப் பயிற்சி, செய்கிறவன். நாங்கள் செய்யும் கோல் கட்டாக்களில் ஒன்றுக்கு "தோகுமினே நோ குன்" என்று பெயர். தோகுமினேயின் கோல். ஓக்கினாவா ஆசான் கியான் சோதோகு அந்தக் கட்டாவைக் கற்பதற்காக யாயேயாமா தீவுகளுக்குக் கப்பலேறிப் போனார். போய்ச் சேர்ந்தபோது தோகுமினே உயிரோடு இல்லை. அவர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அந்தக் கட்டாவை அவரிடம் கற்றுவைத்திருந்தார். கியான் அந்த மனிதரிடம் கற்றுக்கொண்டு திரும்பினார். எங்கள் மரபில் இப்படித்தான் சொல்கிறார்கள். கியானும் போர் முடிந்த அதே 1945 இல் போய்விட்டார். தோகுமினேயின் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் அவர் பெயரை உரக்கச் சொல்லித்தான் கோலைத் தூக்குகிறேன்.

அந்த வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் பெரிய ஆசான் இல்லை. வீட்டில் தங்கியவர் செய்ததைப் பார்த்தார், கற்றார், வைத்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் அந்தக் கட்டா மண்ணோடு போயிருக்கும்.

காவிரிக்கரை, உங்கள் மாஸ்டர் கட்டா செய்யும்போது அவருக்கென்று இருந்த சின்னச் சின்னப் பழக்கங்கள், எங்கே மூச்சு விடுவார், எந்தத் திருப்பத்தில் ஒரு நொடி நிற்பார், இவற்றையெல்லாம் பழைய மாணவர்கள் உட்கார்ந்து எழுதிவையுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வீர்கள்.

யோகோஹாமாவாசி

கோல்காரன் சொன்னதோடு ஒன்று. 2021 ஆகஸ்ட் 6, தோக்கியோ ஒலிம்பிக், நிப்போன் புடோகான் அரங்கம். ஆண்கள் கட்டாவில் ஓக்கினாவாவின் கியுனா ரியோ தங்கம் வென்றார். மேடையில் ஏறும்போது கையில் அம்மாவின் படத்தைப் பிடித்திருந்தார். அந்த அம்மா 2019 இல் இறந்துபோனவர். கராத்தேக்காரர் அல்லர், கராத்தேக்காரனைப் பெற்றவர். நான் அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் அழுதேன்.

பழைய மாணவி

ஒரு எச்சரிக்கை. யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். நினைவு நாள்தான் டோஜோக்களை உடைக்கிறது.

1957 ஏப்ரல் 26 அன்று ஃபுனகோஷி இறந்தார். இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்று மாணவர்களுக்குள் பிணக்கு. ஷோட்டோகாய் ஒரு பக்கம், ஜப்பான் கராத்தே சங்கம் ஒரு பக்கம். சங்கத்தார் சடங்குக்கே வரவில்லை. அந்தப் பிளவு இன்றுவரை இருக்கிறது. 1987 இல் அதன் தலைமைப் பயிற்சியாளர் நகாயாமா மசாதோஷி போனபின் அந்தச் சங்கமே பிளந்தது. கியோகுஷின் பாணியை நிறுவிய ஒயாமா மசுதாட்சு இறந்ததும் ஏப்ரல் 26தான், 1994 இல். அதன்பின் கியோகுஷின் எத்தனை துண்டாகப் போயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரே மாஸ்டருக்கு இரண்டு இடத்தில் இரண்டு நினைவுப் போட்டி நடக்கிறது. அவர் மனைவி எதற்குமே போவதில்லை. இரண்டு பக்கமும் அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அம்மா அவற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அதை நேரில் பார்த்தேன். முப்பதாவது ஆண்டில் உங்களுக்குள் அப்படி ஒன்று வர விடாதீர்கள். பலகை சின்னதாக இருந்தாலும் போதும், எல்லாரும் சேர்ந்து மாட்டுங்கள்.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னியுங்கள்.

அவன் அம்மாவைப் பார்த்தேன். செவிலி அக்கா சொன்னது போலவே காத்திருந்தார். "இத்தனை நாளாகக் காணோமே" என்றுதான் முதல் வார்த்தை. பிளாக் பெல்ட் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அவன் வாங்காததை அவனுக்குக் கட்டாதீங்கப்பா. வாங்கினது எதுவோ அதை எழுதுங்க." உள்ளே போய் அவனுடைய பிரவுன் பெல்ட்டை எடுத்துவந்தார். ஓரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. என்னிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். காட்டிவிட்டு மறுபடியும் பீரோவில் வைத்துக்கொண்டார்.

அதனால் பலகையில் பெல்ட் நிறமும் இருக்கும். யோகோஹாமா அண்ணா சொன்ன சுவரைப் படித்துவிட்டு, பெயர் மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா சொன்ன பிறகு மாற்றிவிட்டோம். அக்காவின் பெயருக்குக் கீழே பச்சை. அவருடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், பெல்ட் கட்டுவதை நிறுத்தி நாலு வருடம். விழாவில் அவள் பினான் செய்கிறாள். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "அம்மாவுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தது நான்தானே அண்ணா" என்றாள். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

பக்கச் சுவர் என்று முடிவாகிவிட்டது. மாலை இல்லை, விளக்கு இல்லை. மாஸ்டரின் பழக்கங்களை எழுத ஒரு நோட்டு வாங்கியிருக்கிறோம், முதல் நாளே இரண்டு பேருக்கு வாக்குவாதம். செவிலி அக்கா, விழா அன்று காலையில் வந்து எங்களுக்கு அந்த நெஞ்சு அழுத்தப் பயிற்சியைச் சொல்லித் தர முடியுமா?

பலகை எழுதுகிறவர் இனிஷியல் கேட்டார். அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பாவின் எழுத்தோடு தன் எழுத்தையும் சேர்த்துப் போடச் சொன்னார். பள்ளிச் சான்றிதழில் அது கிடையாது. போட்டுவிட்டோம்.

ஜூலை முதல் ஞாயிறு, காலை ஆறு மணி. வருகிறவர்கள் உடுப்போடு வாருங்கள்.

தாமிரபரணி செவிலி

வருகிறேன் தம்பி. பழகுவதற்குத் தலையணை நாலு எடுத்து வையுங்கள்.

மதுரை சான்டான்

நானும் வருகிறேன்.